மூன்று முறை பெரு என்று எழுதியவள்

ஹெர்மெலிந்தா சுல்காவுக்குப் பெரு நாட்டுப் பண்பாட்டுத் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண் வந்தது. அவள் பிறந்ததும் இருபத்தைந்து வயதுவரை வளர்ந்ததும் பெருவில்தான், அயாகூச்சோ மலைப்பக்கம். தேர்வு வைத்தவள் சிலி நாட்டுச் சாண்டியாகோக்காரி. பெருவுக்கு இரண்டு தடவை சுற்றுலா போய்வந்தவள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தேர்வு நடந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சொராய்தா. நானும் அவளும் சாண்டியாகோவில் ஒரு தையல்கூடத்தில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தோம். நானும் பெருக்காரிதான், ஆனால் கடற்கரைப் பக்கம். அவள் என்னை மீன்காரி என்பாள், நான் அவளை உருளைக்கிழங்கு என்பேன். அவள் புருஷன் ரிகோபெர்த்தோ சிலிக்காரன், நகரப் பேருந்து ஓட்டுநர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இரண்டு பேரும் நிறுத்தி வெகு நாளாகியிருந்தது.

ஊரில் அவளுக்கு ஒரே தங்கை, எல்வியா. எல்வியாவின் புருஷன் சுரங்க வேலைக்கென்று போனவன், போனவன்தான். ஒரு மார்ச் மாதம் எல்வியா ஏறிய வண்டி மலைப்பாதையில் உருண்டது. ஆறு வயது மகள் மிலுஸ்கா அன்றைக்குக் காய்ச்சலென்று வீட்டில் இருந்ததால் பிழைத்தாள். ஹெர்மெலிந்தா அழுதுகொண்டே ஊருக்குப் போனாள், தங்கையைப் புதைத்தாள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிபதி முன்னால் போய் நின்றாள்.

நீதிபதி நல்ல மனிதர். காகிதங்களை இரண்டு தடவை படித்தார்.

"நீங்க வசிக்கிறது சிலியில. அப்போ இது சர்வதேசத் தத்தெடுப்பு. உங்க நாட்டுல போய் விண்ணப்பிக்கணும்."

"என் நாடு இதுதானே ஐயா?"

"முகவரி எங்கே இருக்கோ அதுதாம்மா நாடு."

கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லத்தில் மிலுஸ்காவை விட்டுவிட்டு வந்தாள். "ஒரே ஒரு கையெழுத்து வாங்கணும். வாங்கிட்டுப் பெரியம்மா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள். ஊரிலேயே தங்கிவிடேன் என்றேன். அதையும் கேட்டிருக்கிறாள். திரும்பி வருகிறவர்கள் இரண்டு வருடம் குடியிருந்து காட்ட வேண்டுமாம். ரிகோபெர்த்தோவும் வேலையை விட்டு வந்து கூடவே குடியிருக்க வேண்டுமாம். இங்கே என்றால் ஆறே மாதத்தில் முடியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இங்கே என்பது எல்லை கடந்த குடும்பங்களுக்கான தேசியச் செயலகம். நாங்கள் செயலகம் என்றே சொல்வோம். காகிதத்தைக் கண்டால் ஹெர்மெலிந்தா மிரண்டுவிடுவாள் என்பதால் ஒவ்வொரு தடவையும் நானும் கூடப் போனேன்.

முதல் ஜன்னலில் இருந்த பெண் புன்னகையோடு கேட்டாள்: "எந்த நாட்டுக் குழந்தைன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"எந்தக் குழந்தைன்னே முடிவு பண்ணியாச்சு மேடம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னது என் காதுல விழல. திரும்பச் சொல்லாதீங்க. குழந்தையை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கிட்டு வர்றது யாரு தெரியுமா? கடத்தல்காரங்க."

"நான் அவளோட பெரியம்மா."

"அப்போ உறவினர் விதிவிலக்கு. நாலாவது ஜன்னல்."

நாலாவது ஜன்னலில் உறவை நிரூபிக்கச் சொன்னார்கள். ஹெர்மெலிந்தாவின் குடும்பப் பெயர் எஸ் எழுத்தில் தொடங்கும். தங்கை பிறந்தபோது பதிவாளர் இஸட் போட்டுவிட்டார். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாமென்றால், உள்நாட்டுச் சண்டை நடந்த வருடங்களில் கோயிலோடு சேர்ந்து அதுவும் எரிந்துபோயிருந்தது. அப்படியானால் மரபணுப் பரிசோதனை என்றார் அந்த ஜன்னல்காரர். குழந்தையின் எச்சில் வேண்டும். ஆனால் உறவு நிரூபணமாகும்வரை குழந்தையோடு எந்தத் தொடர்பும் கூடாது. எச்சில் எடுப்பது தொடர்பில் சேரும்.

"தொடர்பு இல்லாம எப்படி சார் நிரூபிக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"நல்ல கேள்வி" என்றார் அவர், மனப்பூர்வமாக. "எழுத்துல குடுங்க."

கொடுத்தோம். நான்கு மாதம் கழித்து முத்திரையோடு பதில் வந்தது: தங்கள் கேள்வி நல்ல கேள்வி என்று பதிவு செய்யப்பட்டது.

எனவே ஹெர்மெலிந்தா பொது வரிசைக்கு வந்தாள். அதாவது, எந்தக் குழந்தையையும் தெரியாத, எந்த நாட்டின்மீதும் சாய்வில்லாத தம்பதிகளின் வரிசைக்கு. அவர்களுக்காக வருடத்துக்கு ஒருமுறை 'தேசத் தேர்வு நாள்' நடத்துவார்கள். ரிகோபெர்த்தோ விடுப்பு எடுத்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தான். இயக்குநர் டோன் அல்பெரிகோ மேடையேறினார். வெள்ளிமுடி, குழைவான குரல்.

"நண்பர்களே, ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பது காதலில் விழுவதைப் போன்றது. அவசரப்படாதீர்கள். இந்தச் செயலகம் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள். நாற்பத்து மூன்று அலுவலர்கள். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு தவறான தத்தெடுப்புக்கூட நடந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். மொத்தம் பதினொன்று நடந்திருக்கின்றன. வரும் ஆண்டில் அந்த எண்ணிக்கையை இன்னும் கவனமாகக் குறைப்போம்."

கைதட்டினார்கள். ரிகோபெர்த்தோ என் காதில், "நான் பஸ்ஸ எடுக்காம இருந்தா எனக்கும் ஒரு விபத்தும் நடக்காது" என்றான்.

கூடத்தைச் சுற்றி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கடை போட்டிருந்தார்கள். பல்கேரியாக் கடையில் தயிர் கொடுத்தார்கள். வியட்நாம் கடையில் கூம்புத்தொப்பியைத் தலையில் வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். பெருவின் கடையில் மலைச்சுமை விலங்கான லாமாவின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று நின்றது. ஆள் இல்லை, சாப்பிடப் போயிருந்தார்கள். ஹெர்மெலிந்தா லாமாவுக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்றாள். அவளையே கடைக்காரி என்று நினைத்து, உயரமான ஒரு பெண் வந்து பேச்சுக் கொடுத்தாள். அவள் பெயர் லோரெத்தோ. கணவன் பல் மருத்துவன். ஏழு வருடமாகப் பிள்ளைக்குக் காத்திருக்கிறார்கள்.

"எங்களுக்குப் பெரு ரொம்பப் பிடிக்கும். நீங்க இந்தக் கடையில வேலை பாக்கறீங்களா?"

"இல்லீங்க. நானும் குழந்தைக்குத்தான் வந்திருக்கேன்."

"ஐயோ, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி லோரெத்தோ காதுவரை சிவந்துவிட்டாள். நல்ல பெண். இந்தக் கதையில் அவளை வில்லியாக்க நானும் முயன்று பார்த்தேன், முடியவில்லை.

படிவத்தில் மூன்று நாடுகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். ஹெர்மெலிந்தா பெரு, பெரு, பெரு என்று எழுதினாள். ஒரே நாட்டை மூன்று முறை எழுதுவது 'திறந்த மனமின்மை' என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் பெரு, பல்கேரியா, பிலிப்பைன்ஸ் என்று எழுதிக்கொடுத்தாள். பல்கேரியா என்று எழுதக் காரணம் அந்தத் தயிர்தான். வேறெதுவும் அவளுக்குத் தெரியாது. கணினி அவளுக்குப் பல்கேரியாவை ஒதுக்கியது.

அன்றைக்கு அவள் தையல்கூடத்தில் சிரித்ததை நான் மறக்கமாட்டேன். அழுகிறாள் என்று நினைத்து மேற்பார்வையாளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

எட்டு மாதம் மனுப்போட்டு, நாட்டை மாற்றிக்கொண்டாள். பெருவுக்கென்று அங்கீகாரம் பெற்ற தத்தெடுப்பு நிறுவனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, 'இரண்டாம் வசந்தம்'. ஆனாலும் 'நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம்' என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். 'வேற இல்ல' என்று அவள் எழுதியதை நான்தான் நீட்டி முழக்கிக் கொடுத்தேன்.

நிறுவனம் பன்னிரண்டு வாரம் பெருப் பண்பாட்டு வகுப்பு நடத்தியது. ஆசிரியை, நான் முதலில் சொன்ன சாண்டியாகோக்காரி பமேலா, மலைச்சால்வை போர்த்திக்கொண்டு வருவாள். ஹெர்மெலிந்தாவுக்கு விலக்குக் கொடுங்கள் என்று கேட்டோம். விலக்குக் கொடுத்தால் தேசிய இனப் பாகுபாடு ஆகிவிடும் என்றார்கள். கடைசி வாரம் தேர்வு. முடிவு வந்ததும் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து நானே படித்தேன்.

பெருக் குழந்தை எந்த உணவில் தன் வேர்களை உணரும்? அவள் எழுதியது: அவித்த சோளமும் உருளைக்கிழங்கும். சரியான விடை: செவிச்சே. எங்கள் கடற்கரையில் எலுமிச்சையில் ஊறவைத்த மீன். ஹெர்மெலிந்தா அதை முதல்முதலாகச் சாப்பிட்டதே சாண்டியாகோவில், என் வீட்டில்தான். ஓரத்தில் பமேலா சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: பெருவை வறுமையோடு தொடர்புபடுத்தும் முன்முடிவைத் தவிர்க்கவும்.

இன்னொரு கேள்வி. பேருந்தில் குழந்தையின் நிறத்தைச் சொல்லி யாராவது இழிவாகப் பேசினால் என்ன செய்வீர்கள்? அவள் எழுதியது: கேட்காத மாதிரி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். மதிப்பெண் சைபர். ஓரத்தில் பமேலாவின் குறிப்பு: அனுபவமின்மை தெரிகிறது.

"நான் என்ன செய்வேனோ அதைத்தானேடி எழுதினேன்" என்றாள்.

"நீ செய்யறத யாரு கேட்டா உருளைக்கிழங்கு? அவங்களுக்குத் தெரிஞ்சத எழுதணும்."

லோரெத்தோவுக்குத் தொண்ணூற்றாறு. அவள் வெளியே வந்து ஹெர்மெலிந்தாவின் தாளைப் பார்த்துவிட்டு அழுதாள். "மறுதேர்வு இருக்குதாம். நான் சொல்லித்தரேன்" என்றாள். அந்த வாக்கியத்தின் அசட்டுத்தனம் அவளுக்கே உறைத்ததும் இன்னும் அழுதாள்.

மறுதேர்வுக்கு முன்னால் உளவியலாளர் வீட்டுக்கு வந்தார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

"உங்க கற்பனையில இருக்கிற குழந்தைக்கு விடைகொடுத்துட்டீங்களா?" என்று அவர் கேட்டார். "அப்பத்தான் நிஜக் குழந்தைக்கு இடம் உண்டாகும்."

"என் கற்பனையில யாரும் இல்லீங்க. அவ பேரு மிலுஸ்கா. போன வாரம் ரெண்டு முன்பல்லும் விழுந்துடுச்சாம்."

"போன வாரம்னு எப்படித் தெரியும்?"

ரிகோபெர்த்தோ அவளை முறைத்தான், நான் முறைத்தேன். ஆனால் அவளுக்குப் பொய் வராது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளிநாட்டு அழைப்புக் கடைக்குப் போய் இல்லத்துக்குப் போன் போட்டு, மிலுஸ்காவோடு பேசுவாள். இரண்டு பேரும் மலைப்பக்கத்துக் கெச்சுவா மொழியில் என்னவோ பாடிக்கொள்வார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்திருக்கிறேன்.

உளவியலாளர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுவாரம் செயலகத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார்கள். அனுமதியற்ற முன்தொடர்பை இன்றோடு முற்றாக நிறுத்துகிறேன். கடிதம், தொலைபேசி, மூன்றாம் நபர் வழியாகவும் கூடாது. மீறினால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும்.

"கையெழுத்துப் போடாதே" என்றான் ரிகோபெர்த்தோ.

"போடலேன்னா?"

"அதுக்கும் கோப்பை மூடுவோம்" என்றாள் ஜன்னல்காரி.

போட்டாள்.

ஆறு ஞாயிறு போனது. ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, தையல்கூடத்துப் போன் அடித்தது. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். இல்லத்திலிருந்து சிஸ்டர் ஒருத்தி.

"ஹெர்மெலிந்தா உயிரோட இருக்காளா?" என்று கேட்டாள். "இந்தச் சின்னது தினமும் கேக்குது. பெரியம்மாவும் அந்த வண்டியில போயிட்டாங்களான்னு. நான் என்னம்மா பதில் சொல்றது?"

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஹெர்மெலிந்தாவிடம் அப்படியே சொன்னேன். அவள் பாதி தூரம் ஓடிவந்தாள். அப்புறம் நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள், திருடிவிடுமோ என்று தன் கைகளுக்கே பயந்தவள் மாதிரி. பேசமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"இருக்கா சிஸ்டர்" என்றேன். "நல்லா இருக்கான்னு சொல்லுங்க. வருவான்னு சொல்லுங்க."

அன்று முழுக்க அவள் தைத்தாள். சாயங்காலம் பார்த்தால் இருபது சட்டைகளில் கைகளைக் கழுத்துத் துளையில் வைத்துத் தைத்திருந்தாள். நானும் அவளும் உட்கார்ந்து பிரித்தோம்.

மறுதேர்வில் எழுபத்திரண்டு வாங்கினாள். செவிச்சே என்று எழுதினாள். பேருந்தில் யாராவது திட்டினால் 'உரையாடலைத் தொடங்குவேன்' என்று எழுதினாள். தேர்ச்சி எழுபத்தைந்து. செயலகத்தின் கடிதம் இப்படி முடிந்தது: 'தாங்கள் பெரு நாட்டுக்குப் பொருத்தமற்றவர் எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. மனம் தளர வேண்டாம். பல்கேரியா தங்களுக்காகத் திறந்தே இருக்கிறது.'

அடுத்த ஞாயிறு உறுதிமொழியாவது ஒன்றாவது என்று அழைப்புக் கடைக்கு ஓடினாள். சிஸ்டர் எடுத்தாள். மிலுஸ்கா இல்லை. குழந்தையைத் தத்துக்கு உரியவளாக அறிவித்தாகிவிட்டது. ஒரு குடும்பத்தோடு போய்விட்டாள். எங்கே என்று சொல்லக்கூடாது. ஹெர்மெலிந்தா ரிசீவரை வைக்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்து நின்றவன் கதவைத் தட்டினான். நான் அவனிடம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவளிடம் எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். ரிகோபெர்த்தோ லீவு நாளில் அவளைத் தன் பேருந்து போகும் வழியிலேயே வேறொருவன் ஓட்டும் பேருந்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் கூட்டிவருவான். அவனுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் லோரெத்தோ போன் செய்தாள். அவர்களுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டதாம். எட்டு வயதுப் பெண். ஆனால் பேசமாட்டேன் என்கிறாளாம். எதை வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லையாம்.

"செவிச்சே செஞ்சு குடுத்தேன், துப்பிட்டா" என்று லோரெத்தோ விசும்பினாள். "உங்க ஊர்ப் பக்கம்தான். வந்து என்ன சமைக்கறதுன்னு சொல்லுங்களேன். மிலுஸ்கான்னு பேரு."

நான் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெர்மெலிந்தா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முன்பல்லு முளைச்சிருச்சாங்க?"

அன்றைக்கே போனோம். பெரிய வீடு, தோட்டத்தில் ஊஞ்சல். பிள்ளை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். ஓடிவரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போன் பண்ணல" என்றாள் சுவரிடம்.

ஹெர்மெலிந்தா நேராகச் சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கை அவித்தாள். சோளம் அவித்தாள். தட்டைக் கீழே வைத்து, தரையில் உட்கார்ந்து தானே தின்ன ஆரம்பித்தாள், கண்ணீர் தட்டில் விழ விழ. அரைமணி நேரம் போயிருக்கும். மிலுஸ்கா வந்து அவள் முதுகில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் பின்பக்கமாகக் கையை நீட்டி ஓர் உருளைக்கிழங்கை எடுத்தாள்.

லோரெத்தோ வாசலில் நின்று பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. மறுநாளே எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு செயலகத்துக்குப் போனாள். டோன் அல்பெரிகோ எங்களை உட்காரச் சொன்னார்.

"இப்ப குழந்தை இங்கேயே இருக்கா, பெரியம்மாவும் இருக்காங்க. இப்பவாவது மரபணுப் பரிசோதனை செய்யலாமில்லையா?" என்றாள் லோரெத்தோ.

"தாராளமாகச் செய்யலாம் மேடம். தொழில்நுட்ப ரீதியாக ஒரு தடையும் இல்லை. ஆனால் தத்து முழுமையானதும் பழைய உறவுகள் சட்டப்படி நீங்கிவிடுகின்றன. அந்தக் குழந்தைக்கு இப்போது இப்படி ஒரு பெரியம்மா கிடையாது. இல்லாத உறவை எப்படிப் பரிசோதிப்பது?" அவர் ஹெர்மெலிந்தாவைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "உங்களுக்கு ஏமாற்றம்தான். புரிகிறது. ஆனால் பாருங்கள், குழந்தைக்கு நாங்கள் மிகச் சரியான நாட்டையும் நகரத்தையும் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நீங்களே கேட்ட நகரம்தானே?"

நடைபாதையில் லோரெத்தோவை ஓரமாக இழுத்துக்கொண்டுபோய் நான் நேராகக் கேட்டேன். "தத்துத் தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி நீங்களே கேட்டா நடக்கலாமாம். பிள்ளையைக் குடுத்துடுவீங்களா?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எட்டு வருஷம் சொராய்தா. அதைக் கேக்காதீங்க. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

வேறு எதுவோ, அதைத்தான் கேட்டோம்: ஹெர்மெலிந்தா அந்த வீட்டுக்கு வந்துபோகட்டும். தத்தெடுத்த முதல் இரண்டு வருடம் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிறவர்களைச் செயலகத்தில் பதிய வேண்டும். 'பழைய குடும்பம்' என்று எழுதினால் தடை. மீதி இருந்த கட்டங்களில் ஒன்று, வீட்டுப் பணியாள். லோரெத்தோ அதில் குறி போட்டாள். போடும்போது ஹெர்மெலிந்தாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

புதன், சனி. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. மிலுஸ்கா பேச ஆரம்பித்தாள், சாப்பிட ஆரம்பித்தாள். லோரெத்தோவை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதைக் கேட்ட நாளில் ஹெர்மெலிந்தா என்னிடம், "நல்லதுதானே?" என்றாள். நான் "நல்லதுதான்" என்றேன்.

பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, செயலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தாள். லோரெத்தோவின் மகளுக்குச் சீருடை அளவெடுக்க நானும் போயிருந்தேன். சமையலறையில் ஹெர்மெலிந்தா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் தலையை வைத்து மிலுஸ்கா படுத்திருந்தாள்.

"இது யாரு பாப்பா?" என்றாள் ஆய்வாளர்.

"என் பெரியம்மா."

லோரெத்தோவின் கையிலிருந்த கோப்பை தட்டில் மோதியது. ஆய்வாளர் தன் காகிதத்தில் தேடினாள், 'வீட்டுப் பணியாள்' என்ற வரியில் விரலை வைத்தாள், முகம் மலர்ந்தாள். எழுதியதை எங்களுக்கே வாசித்தும் காட்டினாள்: 'குழந்தை வீட்டு வேலையாளைக்கூடப் பெரியம்மா என்று அழைக்கும் அளவுக்குப் புதிய சூழலோடு ஒன்றிவிட்டது. நாட்டுத் தேர்வும் குடும்பத் தேர்வும் முழு வெற்றி. மற்றக் கோப்புகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம்.'

அவள் போனதும் மிலுஸ்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆன்ட்டி என்ன எழுதினாங்க பெரியம்மா?"

"நீ நல்லா இருக்கேன்னு எழுதினாங்க."

"உன்னைப் பத்தி?"

"என்னைப் பத்தி அவங்ககிட்ட கேள்வி இல்லடி செல்லம்."

ஆறு மணி அடித்தது. ஹெர்மெலிந்தா உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டு மூடினாள், ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள், கைப்பையை எடுத்துக்கொண்டாள். மிலுஸ்கா வாசல்வரை வந்தாள். அதற்குமேல் வர அவளுக்கு அனுமதியில்லை.